கயாக்கும் மிதப்பும்: யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலில் துடுப்பு வலிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஊதுகிற கயாக்கை (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகை) மடித்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருகிறார்கள். இங்கே உள்ளவர்களும் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஆசையோடு இறங்குகிறவர்களுக்கு மிதப்பைப் பற்றி ஒருவரும் முறையாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. கயாக் மிதப்பது ஒரு விஷயம். கவிழ்ந்த பிறகும் அது பயன்படும் அளவுக்கு மிதப்பது இன்னொரு விஷயம். அதிலிருந்து விழுந்த ஆள் மிதப்பது மூன்றாவது. மூன்றையும் கரையில் நிற்கும்போதே உறுதிசெய்ய வேண்டும். கடலுக்குள் போன பிறகு எதையும் திருத்த முடியாது.

கயாக் பிளாஸ்ரிக் என்றபடியால்தானே மிதக்குது?

பிளாஸ்ரிக்குக்கு அதில் பங்கு மிகக் குறைவு. பொழுதுபோக்குக் கயாக்குகளில் பெரும்பாலானவை பொலிஎதிலீனில் வார்க்கப்பட்டவை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்றால் ஒரு லீற்றர் பொலிஎதிலீன் 920 முதல் 960 கிராம் வரை. 22 கிலோ கயாக்கின் வெறும் பிளாஸ்ரிக் முழுவதும் தண்ணீருக்குள் அமிழ்ந்தால், அது கூடுதலாகத் தாங்கக்கூடியது ஒன்றிரண்டு கிலோதான். உங்களைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. சாதாரண தரத்தில் படித்த அதே மேலுதைப்பு: கயாக் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்தத் தண்ணீரின் எடையளவுக்குத் தாங்கும். கணக்குக்கு, ஒரு லீற்றர் காற்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் கயாக் என்றால் நிலைமை இன்னும் கடுமை. ஃபைபர் தண்ணீரை விட அடர்த்தியானது. உள்ளே அடைத்து வைத்த காற்று இல்லையென்றால் நிறைந்தவுடன் நேரே அடிக்குப் போய்விடும்.

ஆகவே எந்தக் கயாக்கைப் பார்த்தாலும் முதலில் இரண்டைக் கேளுங்கள். காற்று எங்கே இருக்கிறது? தண்ணீர் வந்தால் அந்தக் காற்று வெளியேறுமா?

கவிழ்ந்து தண்ணி நிறைஞ்சால் என்னதான் நடக்கும்? பிளாஸ்ரிக் தாழாது என்கிறாங்களே.

தாழாமல் இருப்பதும் உங்களுக்கு உதவுவதும் ஒன்றல்ல. உள்ளே இருந்து ஓட்டும் கயாக்கில், அதாவது நடுவே உள்ள குழிக்குள் அமர்ந்து ஓட்டுவதில், தடுப்பும் இல்லை, காற்றுப்பையும் இல்லை என்று வையுங்கள். கவிழ்ந்தவுடன் இருக்கைக் குழி வழியாக முன்னும் பின்னும் தண்ணீர் ஓடி நிறையும். 200 லீற்றர் போவது பெரிய விஷயமே இல்லை. 200 லீற்றர் என்றால் 200 கிலோ. விளிம்பு மட்டும் தெரியும்படி அது கிடக்கும். அதில் ஏறி இருந்தால் அதோடு சேர்ந்து நீங்களும் அமிழ்வீர்கள். இழுத்துக்கொண்டு நீந்தவும் முடியாது. வந்த போட்காரர் தூக்கி ஏற்றவும் முடியாது.

பாதி நிறைந்த கயாக் அதைவிட ஏமாற்றும். தட்டு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தவருக்குத் தெரியும், கொஞ்சம் சரிந்தால் முழுத் தண்ணீரும் அந்தப் பக்கம் ஓடும். கயாக்குக்குள் அப்படித்தான். நீங்கள் இடப்பக்கம் ஒரு விரல் அளவு சரிந்தால் உள்ளே உள்ள தண்ணீரும் இடப்பக்கம் வந்து அந்தச் சரிவை இரட்டிப்பாக்கும். மறுபடி ஏறி இருந்தவர்கள் உடனேயே இரண்டாம் தடவை கவிழ்வது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பின்பக்கம் மட்டும் காற்று அடைத்து முன்பக்கம் வெறுமையாக விட்ட கயாக், நிறைந்ததும் அணியம் (முன்முனை) கீழே போய்ப் பின்பக்கம் மேலே நிற்கும். அப்படி நின்றுவிட்டால் பக்கத்தில் இன்னொரு கயாக் இருந்தாலும் அதை வெறுமையாக்குவது பெரும்பாடு. ஆகவே மிதப்பு முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

மேலே இருந்து ஓட்டுறதோ, உள்ளுக்கு இருந்து ஓட்டுறதோ, எது நல்லது?

புதிதாகத் தொடங்குகிறவருக்கு, அதுவும் எங்கள் வெயிலில், மேலே இருந்து ஓட்டுவது, அதாவது மூடிய மேல்தளத்தில் அமர்ந்து ஓட்டுவது. அதன் உடல் முழுவதும் மூடிய ஒரே காற்றறை. மேலே வரும் அலைத் தண்ணீர் வடிதுளைகளால் தானாக இறங்கிவிடும். கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு மேலே ஏறலாம். வெளியேற்ற வேண்டிய தண்ணீரே இல்லை.

ஆனால் அது ஒரே அறை என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. எங்காவது வெடித்து உள்ளே தண்ணீர் போனால் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் மாட்டாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தடுப்பு, காற்றுப்பை என்கிறீங்கள். அதுகள் என்ன?

தடுப்பு என்பது கயாக்குக்குள் குறுக்கே வைத்து நீர் புகாதபடி ஒட்டிய சுவர். இருக்கைக்குப் பின்னால் ஒன்று, கால் வைக்கும் இடத்துக்கு முன்னால் ஒன்று இருந்தால் நல்ல கயாக். விலை குறைந்தவற்றில் பின்னால் மட்டும் இருக்கும், அல்லது ஒன்றுமே இராது. சிலவற்றில் நடுவே நெட்டுக்கு ஒரு நுரைத்தகடு நிற்கும். அது மேல்தளம் அமுங்காமல் தாங்குவதற்கு வைத்தது. மிதப்புக்குப் போதாது.

இருக்கைக்கு ஒட்டினாற்போல் பின்னால் தடுப்பு இருப்பதன் அருமை மீட்கும்போதுதான் தெரியும். கவிழ்ந்த கயாக்கை அப்படியே தலைகீழாக வைத்து அணியத்தைத் தூக்கினால் தண்ணீர் பின்பக்கம் ஓடும். அங்கே தடுப்பு மறித்தால் குழி வழியாகக் கொட்டிவிடும், சில விநாடிகளில் கயாக் வெறுமை. தடுப்பு இல்லையென்றால் அதே தண்ணீர் வால்வரை போய் அங்கேயே கிடக்கும்.

தடுப்பு இல்லாத இடத்துக்குக் காற்றுப்பை. கூம்பு வடிவில், கயாக்கின் முனைக்குப் பொருந்த வரும். வெறுமையாக உள்ளே தள்ளி, அங்கே வைத்தே வாயால் ஊத வேண்டும். 60 லீற்றர் பை ஒன்று இருந்தால் அந்த 60 லீற்றர் இடத்துக்குள் தண்ணீர் வர முடியாது, கணக்கு அவ்வளவுதான். ஆனால் பையை வலைக்கயிறு போட்டுக் கட்டியே ஆகவேண்டும். கட்டாத பை, கயாக் நிறைந்ததும் குழி வழியாக வெளியே மிதந்து போய்விடும். வாங்கியவர்கள் விடுகிற பிழைகளில் அதிகம் காண்பது இதைத்தான்.

ரிஜிபோம் துண்டு, வெறும் தண்ணிப் போத்தல், கான் வைச்சால் காணாதோ?

காணும், சரியாக வைத்தால். மூடி இறுக்கிய 20 லீற்றர் வெறும் கான் ஒன்று, தன் எடை போக, 18 அல்லது 19 கிலோ தாங்கும். ஒன்றரை லீற்றர்ப் போத்தல்கள் பத்தை வலைப்பைக்குள் போட்டு இறுகக் கட்டினால் 15 லீற்றர் இடம் அடைபடும். இது இடைக்கால ஏற்பாடு. மூடி ஒன்று இளகினால் அந்தப் போத்தலின் பங்கு போய்விடும் என்பதை மறக்கக்கூடாது.

ரிஜிபோமில் எனக்கு விருப்பமில்லை. இலேசு, மலிவு, மிதக்கும், எல்லாம் உண்மை. ஆனால் சுற்றாமல் வைத்தால் உரசி உரசி மணிமணியாக உதிர்ந்து பரவைக்கடல் முழுக்கப் போகும், மீனும் பறவையும் அதை இரையென்று விழுங்கும். பெற்றோல் பட்டால் கரைந்துவிடும். நாட்பட்டால் தண்ணீரும் குடிக்கும். வேறு வழியில்லை என்றால் தடித்த பொலித்தீனில் சுற்றி, ரேப் ஒட்டி வையுங்கள். அதைவிட நல்லது, படுக்கைப்பாய் செய்யும் மூடிய கண்ணுள்ள நுரை. நகத்தால் அழுத்திவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். மறுநாள் பிழிந்தால் ஒரு துளியும் வராத நுரைதான் வேண்டியது.

எதை வைத்தாலும் இறுகக் கட்டுங்கள். கால் அசையும் இடத்தில் எதையும் வைக்காதீர்கள். கவிழும்போது காலை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியாமல் செய்யும் மிதப்பு, மிதப்பே இல்லாததை விட மோசம்.

வெயிலுக்குள்ளே வைச்சால் காற்றுப்பை வெடிக்குமோ?

வெடிக்கலாம். காற்று சூட்டில் விரியும். பத்து மணி வெயிலில் மணலில் கிடக்கும் கயாக்கின் மேல்தளத்தில் கைவைக்க முடியாது. உள்ளே எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். கரையில் நிற்கும்போது பையைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துவிட்டு, தண்ணீரில் இறக்கி ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டுத் திரும்ப ஊதுங்கள். முடிந்தவுடன் காற்றை இறக்கிவிடுங்கள்.

மூடிய அறைகளுக்கும் இதுவே. சுட்ட கயாக்கை நேரே தண்ணீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது, மூடி எங்கே இளக்கமோ அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். நல்ல தடுப்புகளில் ஊசிமுனை அளவு துளை ஒன்று வேண்டுமென்றே விட்டிருப்பார்கள், அழுத்தம் சமமாவதற்காக. அது பழுது என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். முடிந்தால் மூடியைத் திறந்து நிழலில் வையுங்கள்.

மேலே இருந்து ஓட்டுற கயாக்குக்குள்ளே தண்ணி சலசலக்குது. பரவாயில்லையோ?

ஒரு கோப்பை அளவு என்றால் மூடி வழியாக வந்திருக்கும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் வாளிக்கணக்கில் இறங்குகிறதென்றால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கரையை விட்டு நகரக்கூடாது. வழக்கமாக வெடிக்கும் இடங்கள் மூன்று: வடிதுளையின் உட்சுவர், தரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்த பின்முனை, தூண்டில் செருகுவதற்கோ சீற் கட்டுவதற்கோ பின்னர் துளைத்த ஆணித்துளைகள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கயாக்கைக் கவிழ்த்துப் போட்டு நன்றாகத் துடையுங்கள். மூடிகளை இறுக்குங்கள். சவர்க்காரம் கரைத்த தண்ணீரைப் பஞ்சால் அடி முழுக்கப் பூசுங்கள். தண்ணீர் வடிக்கும் சிறு அடைப்பைக் கழற்றி அந்தத் துளையில் வாய் வைத்து ஒருவர் ஊத, மற்றவர் பார்த்துக்கொண்டே வரட்டும். வெடிப்பு இருக்கும் இடத்தில் சவர்க்காரம் பொருபொருவென்று நுரைத்து, மயிரிழைக் கீறல் வழியே சின்னக் குமிழ்கள் வரிசையாக எழும். பென்சிலால் வட்டமிடுங்கள். பொலிஎதிலீனுக்குச் சாதாரணப் பசை ஒட்டாது. அதே பிளாஸ்ரிக்கை உருக்கித்தான் ஒட்ட வேண்டும், அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இந்தக் கயாக்குக்குள்ளும் முன்னும் பின்னும் நுரையோ காற்றுப்பையோ திணித்து வைப்பது நல்லது. நடுக்கடலில் கயாக் வழக்கத்துக்கு மாறாக ஆடுகிறது, திருப்பினால் தாமதமாகத் திரும்புகிறது, ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்றால் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. உடனே கிட்டிய கரைக்குத் திருப்புங்கள்.

ஊதுற கயாக் கொண்டு போகலாமோ?

கரை ஓரம், காற்று இல்லாத காலை நேரம் என்றால் போகலாம். குறைந்தது மூன்று தனித்தனி அறைகள் இருக்க வேண்டும், இரண்டு பக்கம், ஒன்று அடி. ஓர் அறை போனாலும் மற்றவை உங்களைத் தாங்கும். ஒரே அறையுள்ளது விளையாட்டுச் சாமான், கடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

எங்கள் கரைகளில் இதற்கு எதிரிகள் அதிகம். கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கம் கூரான சுண்ணாம்புக்கல். பரவைக்கடலில் களங்கண்ணி வலை கட்டிய தடிகள், அந்தத் தடிகளில் ஒட்டிய சிப்பி. தொழிலாளர் நட்ட தடிகளுக்குக் கிட்டப் போகாமல் இருப்பது அவர்களின் வலைக்கும் நல்லது, உங்கள் கயாக்குக்கும் நல்லது. இன்னொன்று, ஊதுற கயாக் இலேசாக மேலே நிற்பதால் காற்று அதைச் சருகைப் போல அள்ளிக்கொண்டு போகும். துடுப்பு வலித்துத் திரும்பும் பலம் உங்களுக்கு இருக்கிறதா என்று போகும்போதே காற்றுக்கு எதிராக வலித்துப் பாருங்கள்.

லைஃப் ஜக்கெற் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. உள்ளே எழுதியிருக்கும் நியூற்றன் அளவைப் பாருங்கள். 50 என்று இருப்பது மிதப்பு உதவி. 100, 150 என்று இருப்பவை உயிர்காப்பு அங்கிகள். 50 நியூற்றன் என்பது ஏறத்தாழ 5 கிலோ தூக்கும் சக்தி. 70 கிலோ ஆளை 5 கிலோ எப்படித் தூக்கும் என்று கேட்பார்கள். எங்கள் உடம்பின் பெரும்பகுதி தண்ணீரை ஒத்த அடர்த்தி உள்ளது. கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது மிச்சமாகத் தாங்க வேண்டியிருப்பது தலையின் எடையளவு, சில கிலோ மட்டுமே.

கயாக் ஓட்டுகிறவருக்கு 50 நியூற்றன் நுரை அங்கி வசதி. கை வீச இடம் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு நீந்தலாம், திரும்பக் கயாக்கில் ஏறலாம். ஆனால் நினைவு தப்பிய ஆளை முகம் மேலே வரும்படி அது புரட்டிவிடாது. அதைச் செய்வதற்காக உருவானவை 100, 150 வகைகள். நீந்தத் தெரியாதவர், வயதானவர், தனியே போகிறவர் 100ஐ யோசிக்கலாம். தண்ணீர் பட்டால் தானாக ஊதும் வகை கயாக்குக்குச் சரிவராது, துடுப்புத் தண்ணீர் தெறித்தே ஊதிவிடும்.

அளவு மிக முக்கியம். போட்டுப் பட்டிகளை இறுக்கியபின் இன்னொருவர் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கட்டும். அங்கி காதுவரை வந்தால் அது உங்கள் அளவல்ல. சூடாக இருக்கிறது என்று கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைப்பவர்கள் உண்டு. கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் அங்கி போடுவது எவ்வளவு கடினம் என்று முழங்காலளவு தண்ணீரில் ஒருமுறை முயன்று பாருங்கள், பிறகு கழற்ற மாட்டீர்கள். சூட்டுக்கு வழி, முதுகுப்பக்கம் வலை வைத்த அங்கி வாங்குவது, அல்லது போடுமுன் நனைப்பது.

மலிவாக வாங்கின ஜக்கெற் சரியோ என்று எப்படிப் பார்க்கிறது?

பழைய பலசரக்குக் கடைகளில் இருக்கும் 5 கிலோ இரும்புப் படிக்கல் ஒன்று கிடைத்தால் போதும். பெரியவருக்கான 50 நியூற்றன் அங்கியோடு அதைக் கயிற்றால் கட்டித் தொட்டிக்குள் விடுங்கள். இரும்பு தண்ணீருக்குள் ஏறத்தாழ நாலரைக் கிலோவுக்குக் குறைவாகவே இழுக்கும். அங்கி அதையும் தாங்காமல் அடிக்குப் போனால் வெட்டி எறிந்துவிடுங்கள், வேறொருவர் எடுத்துப் போடாதபடி. மிதந்தால் அப்படியே இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். தண்ணீர் குடிக்கும் நுரை அதற்குள் தன்னைக் காட்டிவிடும். தண்ணீர் நிறைத்த கானைக் கட்டிச் சோதிக்காதீர்கள், தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. செங்கல், கருங்கல்லும் தண்ணீருக்குள் நிறைய எடை இழக்கும்.

நிறம் வெளிறி, துணி கையால் கிழியும் பதத்துக்கு வந்த அங்கியையும் மாற்ற வேண்டும். வெயில் துணியைத் தின்னும். நுரை காலப்போக்கில் சுருங்கும். அங்கியை மெத்தையாகப் போட்டு இருந்து நசிப்பதும் அதைக் கெடுக்கும்.

எனக்கு நல்லா நீந்தத் தெரியும். பரவைக்கடலும் இடுப்பளவுதானே. பிறகென்ன பயம்?

பல இடங்களில் இடுப்பளவு என்பது உண்மை. அந்த நம்பிக்கைதான் ஆட்களைத் தூரம் கூட்டிப் போகிறது. படகு ஓடும் வாய்க்கால்கள், பாலங்களின் கண்கள், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடற்கோட்டை நிற்கும் பகுதி ஆகியவற்றில் ஆழமும் நீரோட்டமும் வேறு. நிலைக்கும் இடத்திலும் அடி சேறு. முழங்கால்வரை புதைந்த காலை இழுக்கும்போது மிதப்பு அங்கி இருந்தால் மல்லாந்து படுத்துக் காலை மெல்ல எடுக்கலாம். திருக்கை படுத்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் உரசி நகருங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

நீச்சல் பலம் என்பது தலையில் அடிபடாத, மூச்சு வாங்காத, தசை பிடிக்காத ஆளுக்கு. கவிழும்போது துடுப்பு முகத்தில் பட்டால் அந்தக் கணத்தில் உங்களை மேலே வைத்திருப்பது அங்கி மட்டும்தான்.

சின்னப்பிள்ளையை முன்னுக்கு இருத்திக்கொண்டு போகலாமோ?

இரண்டு சீற் உள்ள, மேலே இருந்து ஓட்டும் கயாக்கில், பிள்ளையின் எடைக்கு ஏற்ற அங்கியோடு, நீங்கள் இறங்கி நிற்கக்கூடிய ஆழத்தில் மட்டும். பெரியவரின் அங்கியைச் சுற்றிக் கட்டினால் பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவிவிடும். பின்னங்கழுத்தில் மிதப்புள்ள காலர், கால்களுக்கிடையே போகும் பட்டி இரண்டும் வேண்டும். பிள்ளையைக் கயாக்கோடு கயிற்றால் கட்டாதீர்கள். பயத்தில் அப்படிச் செய்யும் பெற்றோர் இருக்கிறார்கள், கவிழ்ந்தால் பிள்ளை அடியில் மாட்டிக்கொள்ளும். கையில் போடும் ஊது வளையம், ரியூப் இரண்டும் உயிர்காப்புச் சாதனங்கள் அல்ல.

உப்புத் தண்ணியிலே கூட மிதக்குமாமே?

மிதக்கும், ஆனால் நம்பிக்கை வைக்கும் அளவுக்கு இல்லை. கடல்நீர் நன்னீரை விட 2.5 சதவீதம் அளவு அடர்த்தி கூடியது. எல்லாமாக 100 கிலோ என்றால் நன்னீரில் 100 லீற்றர் விலக்க வேண்டும், கடலில் ஏறத்தாழ 97.5 லீற்றர். வித்தியாசம் இரண்டரை லீற்றர். கோடையில் பரவைக்கடல் நீர் வற்றி உப்பு ஏறினாலும், மாரியில் மழைநீர் சேர்ந்து உப்புக் குறைந்தாலும் உங்கள் முடிவுகளை இது மாற்றக்கூடாது.

120 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கு. அவ்வளவும் ஏற்றலாமோ?

அது அமிழாமல் நிற்கும் எல்லை. நன்றாக ஓட வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்துங்கள், அதாவது 80 கிலோ, உங்கள் எடையும் தண்ணீர்க் கானும் மீன்பெட்டியும் சேர்த்து. மிஞ்சினால் விளிம்பு தாழும், வடிதுளை வழியாகத் தண்ணீர் இறங்குவதற்குப் பதிலாக ஏறி இருக்கையை நனைக்கும். பாரத்தை நடுவிலும் தாழ்விலும் வையுங்கள்.

கடல் கண்ணாடி மாதிரி இருக்கு. எப்படியும் போகலாம்தானே?

மிதப்பைப் பற்றிய பக்கத்தில் காற்றைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. அங்கியும் காற்றுப்பையும் உங்களை மேலே வைத்திருக்கும், கரைக்குக் கொண்டுவராது.

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம். தென்மேற்கிலிருந்து வரும் காற்று. அந்தக் காலத்தில் கசூரினா, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை எல்லாம் கரையோரம் பார்த்தால் அலையே இராது, ஏனென்றால் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரைக்கு ஒட்டினாற்போல் மரமும் வீடும் காற்றை மறைக்கும். 200 மீற்றர் வெளியே போனதும் மறைவு முடிந்துவிடும், பின்னாலிருந்து காற்று தள்ளும், துடுப்பு வலிக்காமலே ஓடுகிறதே என்று சந்தோஷமாக இருக்கும். திரும்பும்போதுதான் தெரியும். பழகாதவர் மணிக்கு நாலைந்து கிலோமீற்றர் வேகத்தில் வலிப்பார், எதிர்க்காற்றில் அதில் பாதியும் வராது. முன்னால் பாக்குநீரிணை விரிந்து கிடக்கிறது. இந்த மாதங்களில் வடகரையில் கரைக்கு இணையாக மட்டும் போங்கள். முதலில் காற்றுக்கு எதிராகப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புங்கள்.

கார்த்திகை முதல் மாசி வரை வாடை. அப்போது வடகரையில் அலை நேரே வந்து அடிக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து என்பதால் ஆட்கள் இறங்குவதே குறைவு. இடி மின்னல் இருக்கும் மாரி மாலைகளில் எந்தத் தண்ணீரிலும் இறங்காதீர்கள்.

எந்தக் காற்று எந்தக் கரைக்கு எப்படி என்று அந்தக் கரையில் தொழில் செய்கிறவரைக் கேளுங்கள். ஊருக்கு ஊர் மாறும்.

பண்ணைப் பாலத்துக்குக் கீழாலே போகலாமோ?

தவிருங்கள். நீண்ட தாம்போதி மறித்து நிற்க, தண்ணீர் போய்வர இருப்பது சில கண்கள் மட்டும். எங்கள் பக்கம் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான் என்றாலும், அந்த ஒடுக்கத்துக்குள் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். வலையும் கட்டியிருப்பார்கள். குறுக்கே திரும்பிய கயாக் தூணில் சாய்ந்தால் தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பு தாழ்ந்து உடனே நிறையும். அப்படி மோதும் நிலை வந்தால் தூணைக் கட்டிப்பிடிப்பது போலத் தூண் பக்கமே சாயுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்வதுதான் கவிழ்க்கும்.

கவிழ்ந்திட்டன். இப்ப என்ன செய்யிறது?

கயாக்கை விடாதீர்கள். கரை கிட்டத் தெரிந்தாலும் அதை நோக்கி நீந்தப் போகாதீர்கள், தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் தூரம் ஏமாற்றும். தேடி வருகிறவருக்குத் தலையைவிடக் கயாக் எவ்வளவோ பெரிதாகத் தெரியும்.

மேலே இருந்து ஓட்டும் கயாக் என்றால் அதன் அடியின் மேலால் எட்டி எதிர்ப்பக்கப் பிடியைப் பற்றி, பின்னுக்குச் சாய்ந்து புரட்டுங்கள். பிறகு நடுப்பகுதிக்கு வந்து, கால்களைத் தண்ணீர் மட்டத்துக்கு உயர்த்தி நீந்துவது போல அடித்து, வயிறு குறுக்கே படும்படி ஏறுங்கள். அந்த நிலையில் ஒரு மூச்சு எடுங்கள். அதன்பின் இடுப்பை இருக்கைக்குத் திருப்பி, கடைசியாகக் கால்கள். பெரும்பாலானோர் அவசரப்பட்டு முழங்காலை முதலில் ஏற்றித் திரும்பவும் விழுகிறார்கள். நிலைக்கும் இடத்தில், சிரித்துப் பேசிக்கொண்டு, கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள்.

உள்ளே இருந்து ஓட்டும் கயாக்கைத் தனியே மீட்பது கடினம். துணைக் கயாக் குறுக்கே வந்து நிற்க, அதில் இருப்பவர் கவிழ்ந்ததன் அணியத்தைத் தன் மடிமேல் இழுத்துத் தண்ணீரைக் கொட்டி, நிமிர்த்தி, இரண்டையும் ஒட்டிப் பிடித்துக்கொள்ள, விழுந்தவர் ஏறலாம். ஆகவே இந்த வகையில் தனியே போகாதீர்கள்.

ஏற முடியவில்லை என்றால் விசில். அது அங்கியோடு கட்டியிருக்க வேண்டும். போனை நீர்புகா உறையில் போட்டு உடம்போடு வையுங்கள், கயாக்கில் வைத்தால் கயாக்கோடு போய்விடும். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. போகுமுன் கரையில் ஒருவரிடம், முடிந்தால் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கடலில் முதலில் உதவிக்கு வரக்கூடியவர்கள் அவர்கள்தான்.

பாவித்த கயாக் ஒன்று விலைக்கு வருது. எதைப் பார்த்து வாங்குறது?

நிறத்தையும் கீறலையும் விடுங்கள், மேலோட்டமான கீறல் ஒன்றும் செய்யாது. மூடிகளைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். உப்புப் படிந்து மொரமொரவென்று இருந்தால் கடல்நீர் வந்து வந்து காய்ந்திருக்கிறது. மூடியின் ரப்பரை விரலால் வளையுங்கள், வெடித்தால் மாற்ற வேண்டும். தடுப்பின் ஓரத்தைப் பெருவிரலால் சுற்றிவர அழுத்துங்கள், ஒட்டு விட்ட இடம் அசையும். ஒரு பக்க அறைக்குள் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிச் சரித்து வைத்தால் தடுப்பு ஒழுகுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.

எல்லாம் சரியென்றால் விலை பேசுமுன் இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோய் முழுக்க நிறைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஒரே மட்டத்தில், இருக்கை விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரிய நின்றால் பேசலாம். ஒரு முனை தாழ்ந்தால் அந்தப் பக்கத்துக்கு எத்தனை லீற்றர் காற்றுப்பை வேண்டும் என்று கணக்குப் பார்த்து, அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள்.